வட்டமும் மரமும்

கட்டிட வரைபடத்தில் மரம் என்றால் ஒரு வட்டம். கொஞ்சம் தாராள மனசுள்ள வரைஞர் என்றால் அதன் ஓரத்தை நெளித்து, நடுவில் ஒரு புள்ளியும் வைப்பார். அது பலாவா, ஈழத்தலரியா, நூறு வருஷத்து ஆலா என்று யாரும் கேட்பதில்லை. கட்டுகிறவருக்கு வேண்டியது மரம் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தின் அளவு மட்டும்தான்.

1960களில் கொழும்பில் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்திலிருந்து வந்த வரைபடங்களில் இந்த வட்டம் காணாமல் போயிற்று. வட்டம் இருந்த இடங்களில் மரங்கள் முளைத்தன. பலா பலாவாகவே நின்றது. தென்னை காற்றுக்குச் சாய்ந்திருந்தது. ஈழத்தலரியின் முண்டும் முடிச்சுமான கிளைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் திரும்பின. வரைந்த இளைஞரின் பெயர் லக்கி சேனாநாயக்க. முறையாக ஓவியமோ சிற்பமோ பயின்றவர் அல்லர். அலுவலகத்தில் வரைஞராக வேலை பார்த்துக்கொண்டே கண்ணையும் கையையும் பழக்கிக்கொண்டவர்.

1937இல் பிறந்து 2021இல் மறைந்த இந்த மனிதரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது, கைவேலை தெரியும். 1994இல் திறந்த கந்தலம ஹோட்டலின் படிக்கட்டுக்கு மேலே இறக்கை விரித்திருக்கும் பெரிய உலோக ஆந்தை அவருடையது. காலி லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழற்படியில் 1630ஆம் ஆண்டு ரந்தெனிவெலப் போரை வாளும் ஈட்டியும் குதிரையுமாக ஏற்றி வைத்தவரும் அவர்தான். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் 1982இல் திறந்த நாடாளுமன்றத்தின் சபை மண்டபத்தில், பனையோலைகளை வெள்ளியில் வார்த்ததுபோல் தொங்கும் விளக்கும் அவர் கற்பனை. இவற்றையெல்லாம் செய்துகொண்டு அவர் வாழ்ந்தது கொழும்பில் அல்ல. கண்டியிலிருந்து யாழ்ப்பாண வீதியில் சுமார் 70 கிலோமீட்டர் போனால் வரும் தம்புள்ளைக்கு அருகே, தியபுபுல என்ற இடத்தில்.

கண்டியில் வாழும் எனக்கு அவரைப்பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் சிற்பம் செய்கிறார் என்றால் முதல் கேள்வி, "யாரிடம் படித்தவர்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எந்தக் குடும்பம்?" நத்தரம்பொத்தையில் பித்தளை அடிப்பவர்களிலும் வெள்ளி வேலை செய்பவர்களிலும் பலருக்கு, பாட்டனும் பூட்டனும் அதையே செய்தவர்கள். எம்பெக்கே தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவர் நம் கதிர்காமக் கந்தன்தான். 14ஆம் நூற்றாண்டு மரத்தூண்களில் அன்னப்பறவை, மல்யுத்தம், ஆடும் பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் எல்லாம் இருக்கின்றன. கூரையில் 26 குறுக்குச் சட்டங்களை ஒரே மர ஆணியில் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எந்த ஒரு தனி மனிதரின் மூளையிலும் ஒரே நாளில் உதித்திருக்காது. தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்த அறிவு அது.

அந்த அறிவைப்பற்றி நமக்கு எழுதிவைத்தவரும் பாதித் தமிழர்தான். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டிக் கைவினைஞர் எப்படிக் கற்றார்கள் என்பதை விரிவாகச் சொல்கிறார். மரபில் வந்த வளைவுகளை எழுதி எழுதிப் பழகுவதுதான் பாடம். தோட்டத்துக்குப் போய்ப் பூவைப் பார்த்து வரைவது பாடத்தில் இல்லை. மரபின் தாமரைக்கு ஒரு வடிவம் உண்டு, அதுதான் தாமரை. நேற்று மழையில் இதழ் உதிர்ந்த தாமரை குளத்தில்தான் கிடக்கும், தூணுக்கு வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து ஒரு பூவை நினைத்துப் பார்த்தால் வரும் கம்பீரம் அதற்கு உண்டு.

ஆனால் குரு இல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது. "தாமரை இப்படித்தான்" என்று சொல்லித் தர ஆளில்லாதபோது குளத்துக்குத்தான் போக வேண்டும். போனால் அங்கே தாமரை என்று ஒன்று இருக்காது. இந்தத் தாமரை, அந்தத் தாமரை, பூச்சி கடித்த இன்னொன்று என்றுதான் இருக்கும். தானாகக் கற்றவரின் சுமையும் கொடுப்பினையும் இதுதான் என்று நினைக்கிறேன். (தானாகக் கற்றேன் என்று மார்தட்டுபவர்களில் பாதிப் பேர் ஆசிரியருக்குக் காசு கொடுக்காமல் கற்றவர்கள் என்பது வேறு விஷயம். லக்கிக்கும் பாவாவின் அலுவலகம் ஒரு பள்ளிக்கூடம்தான். பாபரா சன்சோனி, ரொனால்ட் லூகொக் ஆகியோருடன் சேர்ந்து அவர் இலங்கையின் பழைய கட்டிடங்களை வரைந்து ஆவணப்படுத்திய நூல் 1998இல் வந்தது. பழைய வீட்டின் தூணையும் திண்ணையையும் அளந்து வரைந்தவனுக்கு அவையும் ஆசிரியர்களே.)

என் அம்மாவின் தம்பி ஒருவர் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர். மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து தேயிலை வேரில் உருவங்கள் செதுக்குவார். மீள்நடுகைக்காகப் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலையின் வேர் இரும்பு மாதிரி இருக்கும். விறகுக்கு வெட்டும்போதே நல்ல வளைவாக வந்ததை ஒதுக்கி வைப்பார். மயில் செய்ய வேண்டும் என்று தீர்மானித்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கழுத்து நீட்டுதே" என்பார். பிறகு அது கொக்காகும், அல்லது காமன் பண்டிகையில் ரதி பிடிக்கும் கிளியாகும். அவரைச் சிற்பி என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் அவர் ஓர் எண். அரை நாள் கூலிக்கு அரைப்பேர் விழுந்த நாட்களில் உருவங்களைத் தொடவே மாட்டார், வேலிப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

மாமா அடிக்கடி சொன்ன ஒன்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் வேறு. ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று முரடு, ஒன்றின் இலை கொஞ்சம் சிவந்திருக்கும். தண்டிலிருந்து வளர்த்த வீபி தேயிலை மலையில் அந்தத் தொல்லை இல்லை என்பார். விதையிலிருந்து வந்த செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. நல்ல தாய்ச்செடி ஒன்றிலிருந்து தண்டு வெட்டிப் பதியம் போட்டால் மலை முழுக்க அதே செடிதான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த வகைகள் பரவிய பிறகு விளைச்சல் கூடியது, கொழுந்து ஒரே சீராக வந்தது, கணக்குப் பார்ப்பது எளிதாயிற்று. மாமாவுக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஒதுக்கி வைத்த வேர்கள் எல்லாம் விதைத் தேயிலை வேர்கள்.

வரைபடத்து வட்டத்தை வெறும் ஓவியப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியாமல் போவதற்கு மலையகத்தில் பிறந்ததுதான் காரணம். எங்களை நிறையப் பேர் வட்டமாக வரைந்திருக்கிறார்கள்.

லக்கியின் தாய் ஃபுளோரன்ஸ் சேனாநாயக்க. 1947 பொதுத் தேர்தலில் கிரியெல்லையில் லங்கா சமசமாஜக் கட்சி சார்பில் வென்று, இலங்கை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற பெயரைப் பெற்றவர். அந்த நாடாளுமன்றம்தான் 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. சமசமாஜக் கட்சி அதை எதிர்த்து நின்றது. அப்போது லக்கிக்குப் பதினொரு வயது. அந்தக் கட்சி எங்களைப் பார்த்தது முனியாண்டியாகவோ மீனாட்சியாகவோ அல்ல, தொழிலாளி வர்க்கமாக. ஒருவகையில் அதுவும் வட்டம்தான். ஆனால் எங்களைக் கோட்டுக்கு வெளியே தள்ளிய நேரத்தில், உள்ளே சேர்த்து வரையப்பட்ட வட்டங்களில் அதுவும் ஒன்று. அதற்கு என் தலைமுறையும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1964 ஜூனில் அதே கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது. ஒக்டோபரில், நாடற்ற எங்களை இந்தியாவுடன் பங்கு பிரிக்கும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு உருண்டையான எண்கள்! அக்கா ஒரு பட்டியலிலும் தங்கை இன்னொரு பட்டியலிலும் விழுந்த குடும்பங்களைக் கண்டி ரயில் நிலையத்து மேடையில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டமாகப் பார்த்து நேசிப்பவர்களுக்கு, அந்தக் கூட்டத்தைப் பங்கு பிரிக்கும் நாள் வரும்போது கை நடுங்குவதில்லை. எண்ணுக்கு முகம் இல்லையே.

இந்த இடத்தில் "ஆகவே கலைஞனின் பார்வைதான் மேலானது" என்று முடித்துவிட ஆசையாக இருக்கிறது. நம்ப முடியவில்லை. இலையின் நரம்பை நுணுக்கமாகப் பார்த்தவர்கள் எல்லாம் மனிதரை அப்படிப் பார்த்துவிடவில்லை. பேராதனைப் பூங்காவுக்கு 1821இலிருந்து வரலாறு உண்டு. மரங்களின் அடியில் லத்தீனில் பெயர்ப்பலகை இருக்கிறது. எந்த அரசர், எந்தப் பிரதமர் எந்த வருஷம் நட்ட கன்று என்றும் எழுதியிருக்கிறது. குழி வெட்டித் தண்ணீர் ஊற்றியவன் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. சிங்கோனா, ரப்பர், தேயிலை என்று ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக அறிந்த அதே அறிவுதான், அவற்றை வளர்க்க வந்த மனிதர்களைக் கூலி என்ற ஒரே சொல்லில் மூட்டையாகக் கட்டியது. ஆகவே உற்றுப் பார்ப்பது மட்டும் போதாது. பார்த்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது இருக்கிறது.

லக்கியின் சிற்பங்கள் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களில் இருப்பதும் எனக்கு உறுத்தல்தான். கந்தலமக் குளக்கரையில் ஹோட்டல் எழும்புவதற்கு முன் ஊர்மக்களும் பிக்குமாரும் எதிர்த்துப் போராடினார்கள். எதிர்ப்பை மீறி வந்த கட்டிடத்தின் மேல் இன்று கொடிகள் படர்ந்து, மலையோடு மலையாக நிற்கிறது. கட்டிடத்தை வடிவமைத்த பாவாவின் சாமர்த்தியம் அது. உள்ளே அந்த ஆந்தை. நம்மவர்களுக்கு ஆந்தை என்றாலே அபசகுனம். இரவில் கூரையில் அலறினால் அடுத்த வீட்டுக் கிழவரின் உடல்நிலையை விசாரிப்போம். அந்தப் பறவையைக் கொண்டுபோய், விருந்தாளி கண்ணில் படுகிற படிக்கட்டில் பிரமாண்டமாக வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். கண்ணை அகல விரித்து, நகத்தால் பற்றி, இறக்கையைப் பிரித்து நிற்கும் அதைப் பார்த்தவருக்குச் சகுனம் மறந்துபோகும், பறவைதான் தெரியும். ஆனால் அதை ஒருமுறை பார்க்க ஒரு தேநீருக்குக் கொடுக்கும் காசு, தோட்டத்தில் ஒருவர் மலையேறி உழைக்கும் கூலியோடு ஒப்பிடக்கூடாத காசு.

எனக்கு ஆறுதல் தருவது அவர் செய்தவற்றில் மிகச் சிறியது. 1979இல் இலங்கை மத்திய வங்கி புதிய நாணயத்தாள்களை வெளியிட்டது. இரண்டு ரூபாயிலிருந்து நூறு ரூபாய் வரை. வடிவமைத்தவர் லக்கி. அதற்கு முன் எங்கள் பணத்தில் பிரித்தானிய மகாராணி இருந்தார், பிறகு பண்டாரநாயக்க வந்தார், மன்னர் பராக்கிரமபாகு வந்தார். 1979இல் தலைவரும் இல்லை, மன்னரும் இல்லை. மீன், வண்ணத்துப்பூச்சி, ஓணான், பறவை, பூ என்று இந்தத் தீவில் வாழ்கிறவை மட்டும். யாருடைய முகம், யாருடைய மொழி, யாருடைய வரலாறு என்று நாடு எரியத் தொடங்கிய காலத்தில், எல்லாருடைய சட்டைப்பையிலும் சிங்களமும் பேசாத தமிழும் பேசாத ஒரு மீன் நீந்தியது.

சம்பள நாளில் மாமா அந்தத் தாள்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கள்ள நோட்டா என்று சோதிக்கிறார் என்று மாமி நினைத்தார். அவர் பார்த்தது அந்தப் படங்களைத்தான். "வேலி ஓணான்டி இது, நம்ம வேலியில கெடக்கிறது" என்பார். கடைக்காரரிடம் கடனுக்குக் கொடுக்கும்வரை இரண்டு நாள் அந்தச் சித்திரம் அவருடையது. லயத்தில் பிறந்த ஒருவர் சிற்பியின் வேலையைக் கையில் ஏந்திப் பார்க்க ஹோட்டல் படியேற வேண்டியிருக்கவில்லை. 1982இல் வந்த தாள்களில் மறுபடி தொல்பொருள்களும் பழம்பெருமையும் ஏறிக்கொண்டன. பழம்பெருமை யாருடையது என்ற சண்டையும் கூடவே.

தியபுபுல போகும் வீதியைப்பற்றி ஒரு வார்த்தை. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிய எங்கள் முன்னோர் நடந்து வந்த வடக்குப் பாதை தம்புள்ளை, நாலந்தை வழியாகத்தான் மாத்தளையில் ஏறியது. காட்டிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தவர்கள் கும்பிட்ட முத்துமாரி இன்று மாத்தளையில் ஐந்து தேரில் வருகிறாள். அதே வழியில் ஊற்று கொப்பளிக்கும் ஒரு நிலத்தில் லக்கி குளம் வெட்டி, மரம் வளர்த்து, சுவர் குறைந்த வீட்டில் வாழ்ந்தார். பறவையும் குரங்கும் உள்ளே வந்து போகும். மரங்களுக்கு நடுவே அவர் செய்த உருவங்கள் பாசி பிடித்து நிற்கும். வறண்ட வலயத்தில் அப்படியொரு காடு தானாக வராது. ஒரு மனிதர் பல பத்தாண்டுகள் வளரவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2021 மே மாத இறுதியில் அவர் இறந்தார்.

இதே வீதியில் மாத்தளைக்குச் சற்று வடக்கே அளுவிகாரை. பௌத்தர்களின் திரிபிடகம் தாளிப்பனை ஓலையில் முதன்முதல் எழுதப்பட்டது அங்கே என்பார்கள். அந்த ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்த எனா டி சில்வாவும் அவர் மகன் அனிலும் லக்கியும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் பத்திக் துணிகளைச் செய்யத் தொடங்கினார்கள். மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் அந்த வேலையும் அவர்களுக்கு யாரும் பரம்பரையாகச் சொல்லித் தந்ததல்ல. பிற்காலத்தில் எனா கொழும்பை விட்டு அளுவிகாரைக்கே திரும்பி, ஊர்ப் பெண்களுக்குப் பத்திக்கும் தையல் வேலைப்பாடும் பழக்கி, அதையே அவர்களின் வருமானமாக்கினார். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து கோடு விழும். அந்தக் கோடு இரண்டு துணியில் ஒரேமாதிரி விழாது. 2015இல் அவர் மறையும்வரை அந்த வீட்டில் ஊர்ப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மனிதநேயம் என்று மேடைபோட்டுப் பேசுவதைவிட, யாருக்கு என்ன கூலி என்று பெயர் தெரிந்து கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வட்டம் வரையும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்றால், எங்கள் பிள்ளைகளுக்குச் சித்திரப் பாடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஹட்டனிலும் ஒரே படம்தான்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, ஓட்டு வீடு. மலையகத்துப் பிள்ளை வகுப்பின் யன்னலைத் திறந்தால் உண்மையான மலை நிற்கிறது. அதில் முக்கோணம் ஒன்றும் இல்லை, தென்னையும் இல்லை. பிள்ளை யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்த முக்கோணத்தைத்தான் வரைகிறது. பெற்றோருக்கும் அந்தப் படம்தான் அழகு. புள்ளியும் அதற்குத்தான் விழும்.

தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் சிநேகிதி ஒருத்தி, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்த் தேயிலைச் செடி ஒன்றை வரையச் சொல்கிறாள். வரைந்த செடியில் ஒரு நூலும் கட்ட வேண்டும். அடுத்த வாரமும் அதே செடிதான். முதல் நாள் எல்லாரும் பச்சை உருண்டை ஒன்றை வரைந்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் எழும்பிவிட்டார்களாம். மூன்றாம் வாரம் ஒரு பையன் வந்து, "டீச்சர், என் செடியைக் கொத்திட்டாங்க, இப்ப எப்படி வரையிறது?" என்று கேட்டிருக்கிறான். கவ்வாத்து வெட்டியிருந்தார்கள், வெட்டியது அவன் அப்பாவின் கோஷ்டி. வெட்டினதையே வரை என்றிருக்கிறாள். அவன் தண்டின் வெட்டுவாயை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு, எந்த வெட்டு அப்பா வெட்டினது என்று வீட்டில் போய் விசாரித்திருக்கிறான். அவர் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கத்தை வைத்து இரண்டைக் காட்டினாராம். அதிபர் இந்தப் பாடத்துக்கு இன்னும் எழுத்தில் அனுமதி தரவில்லை. பரீட்சைக்கு வராத பாடம் என்பதால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை மட்டும் கிடைத்திருக்கிறது, மழை இல்லாவிட்டால்.